எது ஓவியம், எது விளம்பரம்? திருச்சி, ஸ்ரீரங்கம் சுவர்களுக்கு சட்டம் போட்ட கோடு

திருச்சி,

பாலத்து தூணில் சீறிப்பாயும் ஜல்லிக்கட்டு காளை. பள்ளிக்கூட காம்பவுண்டு சுவரில் பரதநாட்டிய பெண். பத்தடி தள்ளி இன்னொரு சுவரில் சிமெண்டு மூட்டை படம். மூன்றையும் வரைந்தது ஒரே பெயிண்டராகக் கூட இருக்கலாம். ஆனால் முதல் இரண்டையும் மாநகராட்சி கண்டுகொள்ளாது. மூன்றாவதைப் பார்த்தால் அனுமதி எங்கே என்று கேட்கும்.

படம் நல்லா இருக்கா, இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. சட்டத்துக்கு அழகு தெரியாது. அது பார்ப்பது, இந்தப் படம் எதையாவது விற்கிறதா, சுவர் யாருடையது, சுவர் எங்கே இருக்கிறது என்பதைத்தான். இது தெரியாமல் சுவரை வாடகைக்கு விட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. காசு வாங்கிப் படம் வரைந்துவிட்டு, பாதி வேலையில் ஏணியை இறக்கிய பெயிண்டர்களும் உண்டு.

1959 முதல் இன்று வரை

பொது இடங்களை அலங்கோலம் செய்வதை தடுக்க தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இஷ்டத்துக்கு ஒட்டுவது, எழுதுவது, மாட்டுவது எல்லாம் குற்றம் என்பதுதான் அதன் சாரம். தேர்தல் வந்தால் கலெக்டர் ஆபீசில் இருந்து ஆட்கள் வெள்ளை அடிக்க கிளம்புகிறார்களே, அது இந்த சட்டத்தை கையில் வைத்துக்கொண்டுதான்.

வியாபார விளம்பரத்துக்கு வேறு கணக்கு. 1994-ல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்து திருச்சி மாநகராட்சி உருவானது. அதற்கென தனிச்சட்டமும் போட்டார்கள். 2003-ல் விளம்பரப் பலகைகளுக்கு லைசென்சு விதிகள் வந்தன. பேனருக்கும் தட்டிக்கும் 2011-ல் தனி விதி வந்தது. 2023 ஏப்ரலில் பழைய மாநகராட்சி சட்டங்கள் எல்லாம் போய், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. நிலம், கட்டிடம், சுவர், கம்பம் எதில் விளம்பரம் செய்தாலும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும்.

கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், இந்த சட்டங்கள் பிடிப்பது விளம்பரத்தை மட்டும்தான். காளை மாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் லைசென்சு கேட்கவில்லை. அதே நேரம் அந்தப் படங்களுக்கு பாதுகாப்பும் தரவில்லை. மாசக்கணக்கில் வெயிலில் நின்று வரைந்த ஓவியத்தின் மேல் நாளைக்கே யாராவது வெள்ளை அடித்துவிட்டால், கேட்க ஆள் கிடையாது.

கடை போர்டு தப்பிப்பது எப்படி?

மளிகைக் கடைக்காரர் தன் கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டுகிறார். அதுவும் விளம்பரம்தானே? இந்த சந்தேகம் பலருக்கும் உண்டு.

அந்தக்கால நகராட்சி சட்டங்கள் விளம்பர வரி போட்டபோதே இதற்கு வழி வைத்திருந்தன. அந்தக் கட்டிடத்துக்குள் நடக்கிற தொழிலைச் சொல்லும் போர்டு, கட்டிடத்தின் பெயர், வீடு வாடகைக்கு அல்லது விற்பனைக்கு என்கிற அறிவிப்பு ஆகியவற்றுக்கு வரி கிடையாது. ரெயில் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் விளம்பரத்துக்கும் கிடையாது. ஆனால் அதே ரெயில் நிலைய சுவரின் வெளிப்பக்கம், தெருவைப் பார்த்து இருந்தால் வரி உண்டு. சுவர் ஒன்றுதான், உள்பக்கம் ஒரு நியாயம், வெளிப்பக்கம் ஒரு நியாயம்.

அதாவது உள்ளே என்ன நடக்கிறதோ அதை வெளியே சொன்னால் அது பெயர்ப்பலகை. எங்கேயோ விற்கிற சரக்கை இங்கே சொன்னால் அது விளம்பரம். இதில் இடிக்கிற இடம் பெட்டிக்கடைதான். கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரன் இலவசமாக போர்டு அடித்துக் கொடுக்கிறான். அதில் முக்கால்வாசி பாட்டில் படம், ஓரத்தில் எறும்பு சைசில் கடை பெயர். அது யாருக்கு போர்டு, யாருக்கு விளம்பரம் என்று கேட்டால் கடைக்காரருக்கே பதில் தெரியாது. போர்டு சும்மா வந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் கோவிலின் முன்புறம் எது?

2003 விதிகள் சில இடங்களை விளம்பரப் பலகைக்கு ஆகாத இடம் என்று ஒதுக்கின. கல்வி நிலையங்கள், மக்கள் அதிகம் வரும் வழிபாட்டுத் தலங்கள், படுக்கை வசதி உள்ள ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றின் முன்புறம் கூடாது. சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த, அழகு வாய்ந்த இடங்களின் முன்பும் கூடாது. சாலை சந்திப்பில் இருந்து இரண்டு பக்கமும் 100 மீட்டர் வரை கூடாது. இந்த விதிகளை எதிர்த்து விளம்பர கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் பார்த்தன. 2008-ல் கோர்ட்டு விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

மற்ற ஊரில் கோவிலுக்கு முன்புறம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்தில்? ரெங்கநாதர் கோவில் 156 ஏக்கர். ஏழு பிரகாரம், 21 கோபுரம். வெளிப் பிரகாரங்களில்தான் உத்திர வீதியும் சித்திரை வீதியும் இருக்கின்றன. ஜனங்கள் குடியிருப்பது, காய்கறி வாங்குவது, பள்ளிக்கூடம் போவது எல்லாமே மதிலுக்கு உள்ளே. 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை தாண்டிவிட்டால் கோவிலுக்கு முன்புறம் என்றும் சொல்லலாம், கோவிலுக்கு உள்ளே என்றும் சொல்லலாம். ஒரு டீக்கடை போர்டு கூட ஏதாவது ஒரு கோபுரத்தின் பக்கத்தில்தான் இருக்கும்.

இங்கே கட்டிடத்தின் உயரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. கோவிலை சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்பது அரசு உத்தரவு. கோபுரம் மறையக்கூடாது என்று வீட்டுக்காரருக்கு மாடி கட்ட தடை. அப்படி இருக்கும்போது வைகுண்ட ஏகாதசிக்கு வரவேற்பு பேனர் மட்டும் கோபுரத்தை மறைக்கலாமா என்று வீதிவாசிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேரோட்டத்துக்கு வடம் பிடிக்கும் முன்பு வீதியில் குறுக்கே இருப்பதை எல்லாம் கழற்றித்தான் ஆகவேண்டும். பெருமாள் புறப்பாட்டுக்கு மட்டும் விதி தானாக அமலாகிவிடுகிறது!

மலைக்கோட்டை பக்கம் மத்திய அரசு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மலையில் உள்ள பல்லவர் குடைவரை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இருந்து 100 மீட்டர் வரை புதுசாக எதுவும் கட்டமுடியாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும்.

மலை, பாறை என்றால் கேட்க ஆள் இல்லை என்று நினைத்த பெரிய கம்பெனிகள் வடக்கே வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இமாசலப்பிரதேசத்தில் மணாலி - ரோதங் சாலையோர பாறைகளில் கூல்டிரிங்ஸ் கம்பெனி விளம்பரங்களை பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை கையில் எடுத்து கம்பெனிகளை உலுக்கி எடுத்தது.

அமெரிக்காவிலும் இதே தகராறு

ஓவியம் எது, விளம்பரம் எது என்கிற குழப்பம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சுவர் ஓவியத்துக்கு தடை இல்லை, விளம்பரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு என்று வைத்திருந்தார்கள். படத்துக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா என்று 1998-ல் ஒரு விளம்பர கம்பெனி கோர்ட்டுக்கு போனது. விளைவு, நகரசபை ஓவியத்தையும் விளம்பரக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. ஓவியர்கள் பாடு திண்டாட்டம் ஆனது. லாஸ் ஏஞ்சல்சில் இன்னும் மோசம். 2002-ல் இருந்து 2013 வரை தனியார் சுவரில் ஓவியமே வரைய முடியாத நிலை.

போர்ட்லாந்து 2009-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரி பார்க்கவே வேண்டாம். அந்த சுவரில் படம் இருப்பதற்காக வீட்டுக்காரர் யாரிடமாவது காசு வாங்கினாரா? வாங்கினால் அது விளம்பரம். வாங்கவில்லை, படத்தை 5 வருஷம் அப்படியே வைத்திருக்க சம்மதம் என்றால் அது ஓவியம். தீர்ந்தது விஷயம்.

இந்த கேள்வியை நம்ம ஊர் சுவர்களில் கேட்டுப்பார்த்தால் சில இடங்களில் தர்மசங்கடம்தான். சென்னை கண்ணகி நகரில் 2020-ல் குடியிருப்பு சுவர்கள் முழுக்க பிரமாண்ட ஓவியங்கள் வரைந்தார்கள். ஆட்டோக்காரர் கூட வர யோசித்த பகுதிக்கு படம் பிடிக்க கூட்டம் வந்தது. மாநகராட்சியும் ஒரு கலை அமைப்பும் சேர்ந்து செய்த அந்த வேலைக்கு கைகொடுத்தது ஒரு பெயிண்ட் கம்பெனி. ஓவியமா என்றால் ஓவியம்தான், சந்தேகமே இல்லை. கம்பெனிக்கு பெயர் கிடைத்ததா என்றால் கிடைத்தது. மூலையில் உள்ளங்கை அளவு கம்பெனி முத்திரை இருந்தால் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். அதுவே சுவரில் பாதியை பிடித்தால்? எத்தனை அடி வரை ஓவியம், அதற்கு மேல் விளம்பரம் என்கிற அளவுகோல் இங்கே தேவைப்படுகிறது.

விழுந்தால் உயிர் போகும்

பலகைக்கும் பேனருக்கும் கோர்ட்டு இவ்வளவு கெடுபிடி காட்டுவது அழகுக்காக மட்டும் இல்லை. சுவரில் வரைந்த படம் யார் தலையிலும் விழாது. பேனர் விழும்.

2017 நவம்பரில் கோவை அவினாசி ரோட்டில், விழாவுக்காக நட்டிருந்த அலங்கார வளைவால் பைக்கில் போன என்ஜினீயர் உயிரிழந்தார். அவரை கொன்றது யார் என்று அதே ரோட்டில் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதி வைத்தார்கள். 2018 டிசம்பரில் அரசியல் கட்சிகள் பேனர் வைக்க சென்னை ஐகோர்ட்டு இடைக்கால தடை போட்டது. அப்படியும் 2019 செப்டம்பர் 12-ந்தேதி சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் சரிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயது பெண் மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது தண்ணீர் லாரி ஏறியது.

சாவது ரோட்டில் போகிறவர்கள் மட்டும் இல்லை. 2023 ஜூன் 1-ந்தேதி கோவை அருகே கருமத்தம்பட்டியில் ராட்சத பலகை மாட்டும்போது காற்றில் இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் பலியானார்கள். 2024 மே 13-ந்தேதி மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது விழுந்த பலகை 17 பேரை கொன்றது. அனுமதிக்கப்படும் அளவு 40-க்கு 40 அடி. அங்கே நின்றது 120-க்கு 120.

தூரிகை பிடித்த கை

இந்த கதையில் ரொம்பவும் அடிபட்டவர்கள் பெயிண்டர்கள். ஒரு காலத்தில் சினிமா பேனர், கட்-அவுட், கட்சி சுவர் எழுத்து, கடை போர்டு என்று வருஷம் முழுக்க வேலை இருந்தது. 2000-க்கு பிறகு பிளக்ஸ் மிஷின் வந்தது. நாலு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் அச்சடித்து சுருட்டிக் கொடுத்தது. மிச்சம் இருந்த சுவர் எழுத்தும் தேர்தல் கட்டுப்பாட்டால் நகரத்தில் நின்றுபோனது. பலர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கவும், வண்டி நம்பர் எழுதவும் போனார்கள்.

மாநகராட்சியும் பள்ளிக்கூடங்களும் சுவர் ஓவியம் வரைய ஆரம்பித்த பிறகுதான் அந்த கைகளுக்கு கொஞ்சமாவது வேலை திரும்பியிருக்கிறது. போஸ்டர் ஒட்டும் சுவரில் படம் வரைந்துவிட்டால் ஒட்டுகிறவன் யோசிப்பான் என்பது அதிகாரிகள் கணக்கு. அந்தக் கணக்கு பாதி இடத்தில் பலித்தது. மீதி இடத்தில் திருவள்ளுவர் முகத்திலேயே கண்ணீர் அஞ்சலி ஒட்டியாயிற்று.

வீட்டுக்காரர்கள் உஷார்

சுவரை விளம்பரத்துக்கு கேட்டு யாராவது வந்தால், கையில் காசு வாங்கும் முன்பு மாநகராட்சி அனுமதி கடிதத்தை காட்டச்சொல்லுங்கள். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நிறுத்தக் கேட்டால் இன்னும் ஜாக்கிரதை. விழுந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்க வீட்டு வாசலில்தான். சாமி படம், தலைவர் படம் வரைகிறோம் என்று சொல்லிவிட்டு கீழே நகைக்கடை பெயரை எழுதினால், அது விளம்பரம் என்று தயங்காமல் தடுக்கலாம்.

பேனரைப் பார்த்தால் அடிப்பாகத்தைப் பாருங்கள். அனுமதி எண்ணும், எத்தனை தேதி வரை என்பதும் அச்சடித்திருக்கவேண்டும். இல்லை என்றால், தெரு பெயர், அருகில் உள்ள அடையாளம், பேனர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ ஆகியவற்றோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். உத்திர வீதி, சித்திரை வீதி, அம்மா மண்டபம் பகுதிக்காரர்கள் போகவேண்டியது ஸ்ரீரங்கம் மண்டல அலுவலகம். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.