செஞ்சி வாசலில் தொங்கும் கிளைகள்

அழகுக்கென்று வீட்டு வாசலில் மரம் வைக்கிற வழக்கம் செஞ்சிக்குப் புதிது. என் தாத்தா காலத்தில் நிழலுக்கு வேம்பு, குழம்புக்கு முருங்கை, கிணற்றடியில் வாழை. அவ்வளவுதான். அழகெல்லாம் கோட்டைக்குள் இருந்தவர்கள் பாடு. அங்கே கல்யாண மகால் என்ற மாளிகைக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் பூஞ்செடியும் வைத்திருப்பார்கள். வெளியே குடியானவனுக்குப் பாறையும் வெயிலும்.

அந்தத் தோட்டங்கள் தப்பியிருக்க வழியில்லை. 1677இல் சிவாஜி வந்தார். 1690 முதல் 1698 வரை அவர் மகன் ராஜாராம் உள்ளே, முகலாயப் படை வெளியே. முற்றுகை என்றால் அடுப்புக்கும் பரணுக்கும் மரம் வேண்டும். முதலில் விழுவது பூமரம்தான் என்பது நர்சரிக்காரனாகிய என் கணக்கு. 1750இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை இருந்தார்கள். செஞ்சித் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான் என்பார்கள்.

கடல் தாண்டி வந்து நிலைத்ததும் உண்டு. சீத்தா அமெரிக்கக் கண்டத்து மரம், போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இன்று எங்கள் பக்கத்துப் பாறை இடுக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே காய்க்கிறது.

வாசல் மரம் என்று நான் முதலில் பார்த்தது நெட்டிலிங்கம். மதில் வைத்த வீடுகள் பெருகிய பிறகு அப்பா விற்க ஆரம்பித்தார். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான மரம். விரிந்து வளர்கிற வகையும் உண்டு. மதிலோரம் எல்லாரும் கேட்பது, கிளைகள் தண்டோடு ஒட்டித் தொங்கும் ஒல்லி வகை. வேர் வைக்க ஒரு முழ அகலம் மண் கிடைத்தால் போதும். கிழவிகள் திட்டினார்கள்: "கட்டிலு போட நிழலு இல்ல, இது என்னாடா மரம்!" நியாயம்தான்.

இப்போது கைபேசியில் ஜப்பானியத் தொங்கு செர்ரியைக் காட்டி, "அண்ணே, இது கிடைக்குமா?" என்கிறார்கள். புகுஷிமாவில் மிஹாரு ஊர்ச் செர்ரிக்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்கிறார்கள். ஆசை வருவது இயல்பு. ஆனால் அதன் மொட்டு விழிக்க, ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். நம் மார்கழி அதன் பக்கத்தில்கூடப் போகாது. எங்கிருந்தாவது கன்று வாங்கி வந்தால் காசுதான் போகும்.

செர்ரி போல இல்லை, நெட்டிலிங்கப் பூ பச்சை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்த மரம் சீத்தாவின் குடும்பம். பச்சைப் புள்ளி போட்ட ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி இரண்டிலுமே முட்டையிடும். புழு இலையைக் கடித்தால் மருந்து கேட்டு வருகிறார்கள், நான் கொடுப்பதில்லை. பழத்துக்கு வௌவாலும் குயிலும் வரும். வெள்ளைத் தரை போட்டவர்களுக்கு அதில் கோபம். அவை சிந்தும் விதையை ஆடியில் பொறுக்கி, ஈரம் காயுமுன் பையில் ஊன்றிவிட வேண்டும். வைத்திருந்தால் முளைக்காது.