வனஸ்பதி முதல் வேர்க்கடலைச் சீஸ் வரை

முந்திரியையோ வேர்க்கடலையையோ ஊறவைத்து அரைத்து, மரவள்ளி ஸ்டார்ச்சு, தேங்காயெண்ணெய், உப்பு, கொஞ்சம் புளிப்பு சேர்த்து அடுப்பில் கைவிடாமல் கிண்டினால், பீட்சா மேலும் தோசை மேலும் படரக்கூடிய பாலில்லாச் சீஸ் வீட்டிலேயே தயாராகிவிடும். இதை வெளிநாட்டு மோகம் என்று தள்ளுகிறவர்கள் ஒரு பக்கம். நம் முன்னோர் தேங்காய்ப்பாலில் கண்ட ஞானம்தான் இது என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பாரும் இடையில் கிடக்கும் முக்கால் நூற்றாண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தையும், அதன் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் வைத்துப் பார்த்தால், இந்தக் காலத்தில் இங்கே பாலின் கதை பெரும்பாலும் பற்றாக்குறையின் கதை. பற்றாக்குறை முற்றியபோதெல்லாம் ஒரு பதிலி வந்திருக்கிறது. அந்தப் பதிலிகள் கெட்ட பெயர் எடுத்ததற்கு முதற்காரணம், தான் எதைத் தின்கிறோம் என்பது தின்பவருக்குத் தெரியாமல் போனது. வீட்டுச் சீஸும் அதே வரிசையில் வருவதுதான். செய்கிறவரே உண்கிறவராகவும் இருப்பதால் அந்தப் பழைய குற்றச்சாட்டு மட்டும் இதன்மேல் ஒட்டுவதில்லை என்பது என் வாதம்.

பழங்காலத்தில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. திருவொற்றியூர் உள்ளிட்ட தொண்டை மண்டலக் கோயில்களின் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடை திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் கோயிலுக்கு நெய் அளக்க வேண்டும். அளவு வழக்கமாக ஓர் உழக்கு. ஆடு செத்தாலும் கிழமானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கறந்த பாலில் மிஞ்சியது போன வழி இதுதான்: தயிர், வெண்ணெய், நெய், விளக்கு. பாலைத் திரித்துக் கட்டியாக்கி மாதக்கணக்கில் முதிரவைத்து உண்ணும் பழக்கம் தமிழ்ச் சமையலில் வேர்விடவில்லை. இந்த வெயிலில் அதற்கு இடமும் இல்லை. ஆகவே சீஸுக்குப் பதிலி தேட வேண்டிய தேவையே அப்போது எழவில்லை. தேங்காய்ப்பாலை இங்கே சாட்சிக்கு இழுப்பதும் சரியாகாது. சொதியிலும் ஆப்பத்திலும் அது தன் பெயரில், தன் ருசிக்காக இருக்கிறது. மாட்டுப்பாலின் இடத்தை நிரப்ப வந்ததாக ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத் தமிழர் வீட்டுச் சொதியில் பசும்பாலை ஊற்றினால் அதைத்தான் போலி என்பார்கள்.

பதிலி என்ற நோக்கத்தோடு வந்த முதல் பொருள் வனஸ்பதி. 1937-இல் டால்டா சந்தைக்கு வந்தது. நெய் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு நெய்யைப் போன்ற ஒன்று, அதுவும் தாவர எண்ணெயிலிருந்து. நம் தட்பவெப்பத்தில் இது சாதாரணச் சாதனை இல்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். திருவள்ளூரின் சித்திரை வெயிலில் அது நாள் முழுக்கத் தண்ணீராகத்தான் கிடக்கும். எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் உருகுநிலை உயர்ந்து நெய்போல் உறைந்து நிற்கும். வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பின்னர் விதியே வந்தது. அதற்கு வேண்டிய கடலையெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. வேர்க்கடலைச் சாகுபடியில் சென்னை மாகாணம் முன்வரிசையில் இருந்த காலம் அது. ஆனால் வனஸ்பதி தன் டப்பாவுக்குள் நிற்கவில்லை, நெய் வியாபாரியின் பானைக்குள் புகுந்தது. காந்தி ஹரிஜன் இதழில் அதைக் கடுமையாக எதிர்த்தார். விடுதலைக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் அதைத் தடைசெய்ய மசோதாவும் வந்தது, நிறைவேறவில்லை. தடைக்குப் பதிலாக அரசு கண்ட வழி சுவையானது: வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும். நெய் என்று விற்பதில் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், உள்ளே நல்லெண்ணெய் இருக்கும்பட்சத்தில் செந்நிறம் காட்டிக்கொடுத்துவிடும். தமிழர் தலையில் தேய்த்துக் குளிக்கும் எண்ணெயைத் துப்பறியும் வேலைக்கு அமர்த்தியது போலத்தான். வனஸ்பதியின் ஊடுகொழுப்பு (டிரான்ஸ் ஃபேட்) இதயத்துக்குக் கேடு என்பது பின்னால் உறுதியாயிற்று. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 சதவீத வரம்பு இருக்கிறது. அன்றைய எதிர்ப்பாளர் கையில் இந்தச் சான்று கிடையாது. அவர்களைக் கொதிக்க வைத்ததில் கலப்படத்துக்கே பெரிய பங்கு.

இரண்டாவது பதிலியின் கதை இதைவிட அதிகம் மறக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த வி. சுப்பிரமணியன், 1940-களில் தம் குழுவோடு சோயாப் பாலை ஆராய்ந்தார்; பிறகு வேர்க்கடலைப் பாலுக்கு வந்தார். 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அவருடைய தர்க்கம் எளிமையானது. நாட்டில் குழந்தைகளுக்குப் புரதம் போதவில்லை, கறவை மாடு உடனே பெருகாது, வேர்க்கடலையோ மலையாகக் குவிந்திருக்கிறது. அதை நேரே மனிதனுக்குக் கொடுத்தால் என்ன? வேர்க்கடலைப் பால், அதை உறையவைத்த தயிர், கடலை மாவும் கொண்டைக்கடலை மாவும் கலந்த பல்நோக்கு உணவு என்று அந்நிலையத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அரிசித் தட்டுப்பாட்டுக்கு மரவள்ளி மாவையும் வேர்க்கடலை மாவையும் ரவையோடு பிசைந்து செயற்கை அரிசிகூடச் செய்து பார்த்தார்கள். இன்று வீட்டில் சீஸுக்கு எடுத்துவைக்கும் இரண்டு முக்கியப் பொருள்களும் அந்த ஆய்வகத்தின் மேசையில் ஏற்கெனவே சேர்ந்து இருந்தன என்பது தற்செயலில்லை. மலிவான மாவும் மலிவான புரதமும் தென்னிந்தியாவில் எவை என்ற கேள்விக்கு அன்றும் இன்றும் விடை ஒன்றுதான். 1960-களின் பிற்பகுதியில் மில்டோன் வந்தது: வேர்க்கடலையிலிருந்து பிரித்த புரதத்தைப் பாலோடு கலந்து, பால்போலவே வெண்மையாக ஆக்கிய பானம். இந்த முயற்சிகள்மேல் இரண்டு அடிகள் விழுந்தன. 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்து, அஃப்ளடாக்சின் என்ற நச்சு வெளிச்சத்துக்கு வந்தது. வேர்க்கடலையைக் குழந்தை உணவாக்கும் திட்டங்கள் எல்லாம் தயங்க வேண்டியதாயிற்று. மற்றொன்று 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம். பாலே கிடைக்கும் என்றபோது பதிலியைக் கேட்பாரில்லை.

பாலே கிடைக்கும் என்ற அந்த வாக்குறுதியைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது. சென்னை நகரத்துக்குள் கட்டியிருந்த மாடுகளை வெளியேற்றி வைக்க எழுந்த மாதவரம் பால் காலனி, 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1963-இல் அங்கே அரசுப் பால்பண்ணை அமைந்தது. ஆனந்த் கூட்டுறவு முறையைப் பின்பற்றி 1981 பிப்ரவரியில் மாநிலப் பால் கூட்டுறவு இணையம் பதிவாகி ஆவின் என்று வழங்கலாயிற்று. வெண்மைப் புரட்சியின் முதல் கட்டத்தில் பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை என்ற நான்கு நகரங்களுக்குப் போன பாலில் ஐரோப்பா நன்கொடையாக அனுப்பிய பவுடருக்குக் கணிசமான பங்கு உண்டு: 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பவுடர், 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பு. 3 சதவீதக் கொழுப்போடு விற்கும் டோன்ட் மில்க் என்பதும் எருமைப்பாலில் பவுடரும் தண்ணீரும் கலந்து 1940-களின் நடுவில் பம்பாயில் டி. என். குரோடி வகுத்த கலவைதான். ஏமாற்று என்று இதை நான் சொல்லவில்லை. எல்லாமே உறையில் அச்சிட்டு வெளிப்படையாக விற்கப்படுகிறது, ஏழை வீட்டுக்கும் எட்டுகிறது. ஆனால் இயற்கையான பால் ஒரு பக்கம், செயற்கையான பதிலி மறுபக்கம் என்று நடுவே கோடு கிழிக்கிறவர்கள், அந்தக் கோட்டின் இரு பக்கமும் கலவை நடந்திருப்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். மாடு மேயும் நிலமும் அப்படியே இருக்கவில்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. மக்கள் எதிர்த்துப் போராடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2009-இல் மிஷெலின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. பக்கத்திலேயே எழுந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. டயரும் குடிநீரும் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. மேய்ச்சல் புறம்போக்கு போன ஊரில் மாடு வைத்திருப்பவர் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார் என்பதும், அந்தச் செலவு பாலின் விலைக்குள் இருக்கிறது என்பதும் நினைவிருந்தால் போதும்.

வீட்டுச் சீஸ் ஏன் பாலின்றி நிற்கிறது என்பதற்கு வருவோம், ஏனென்றால் வரலாறு இங்கே சட்டிக்குள்ளேயே இருக்கிறது. பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். கால்சியத்தால் பின்னிய அதன் வலை சூட்டில் தளர்கிறது; மொசரெல்லா இழுபடுவது அதனால்தான். கடலைப் புரதத்துக்கு அந்தக் குணம் கிடையாது, சூடேறினால் அது இறுகும். ஆகவே இழுவையை ஸ்டார்ச்சிடமிருந்து கடன் வாங்க வேண்டும். கிளைவிட்ட சர்க்கரைச் சங்கிலியான அமிலோபெக்டின் மரவள்ளி ஸ்டார்ச்சில் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், 70 டிகிரியைத் தாண்டியதும் அது கண்ணாடிபோல் தெளிந்து பசையாக நீள்கிறது. சேலத்தில் இந்த ஸ்டார்ச்சுத் தொழில் எழுந்ததே ஒரு பதிலிக் கதைதான். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியாரும் மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அந்த ஜவ்வரிசிப் பாயசத்தை இன்று யாரும் போலி என்பதில்லை. புளிப்புக்கு எலுமிச்சையைவிட நொதித்த புளிப்பு பொருத்தம். பழையசோற்று நீராகாரத்தில் வேலை செய்வதும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள்தான், மாட்டுப்பால் அங்கே தேவைப்படுவதில்லை. கொழுப்புக்குத் தேங்காயெண்ணெய். ஹைட்ரஜன் ஏற்றாததால் குளிர்பெட்டிக்கு வெளியே அது கட்டியாக நிற்காது. தொழிற்சாலை உருகுநிலையை உயர்த்தித் தீர்த்த சிக்கலை வீட்டுக்காரர் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுகிறார். வேர்க்கடலை எடுத்தால் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பூசணம் கண்டதையும் பொறுக்கி எறிய வேண்டும். 1960-இன் பாடம் அது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது சத்தைப் பற்றியது. ஸ்டார்ச்சும் எண்ணெயும் மட்டுமே சேர்ந்த டாப்பிங்கில் புரதம் ஏறக்குறைய பூஜ்யம். கடையில் விற்கும் பல வகைகள் அப்படித்தான். மறுப்பு முழுக்க நியாயமானது. சுப்பிரமணியனின் குழு மாவோடு நின்றுவிடாமல் கடலையை விடாப்பிடியாகச் சேர்த்ததும் இதற்காகத்தான். வேர்க்கடலையில் கால் பங்கு புரதம். கூடவே ஒரு கரண்டி எள் அரைத்துச் சேர்த்தால் கால்சியமும் வந்துவிடும், எள்ளில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பி12 வைட்டமின் வராது, அதை வேறு வழியில்தான் தேட வேண்டும். பால் செரிக்காதவர்கள் முதிர்ந்த சீஸ் சாப்பிடலாமே, அதில் லாக்டோஸ் குறைவுதானே என்பது இன்னொரு கேள்வி. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியர்களில் ஏறக்குறைய 27 சதவீதத்தினருக்கும் தென்னிந்தியர்களில் 67 சதவீதத்தினருக்கும் லாக்டோஸ் ஒவ்வாமல் இருந்தது. அவர்களில் பலர் மோரிலும் தயிரிலும் சிக்கலின்றி வாழ்கிறார்கள், சீஸும் ஒத்துக்கொள்ளலாம். பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. சீஸ் என்று அழைப்பதே ஏமாற்று என்பாரும் உண்டு. 2021-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாவரப் பொருள்களைப் பால்பொருள் பெயர்களில் விற்கக் கூடாது என்று இணைய வணிகர்களுக்கு ஆணையிட்டது. வனஸ்பதிக் காலத்தை அறிந்தவர்கள் அதை வரவேற்கவே செய்வார்கள். விற்பனைக்கு அது சரியான சட்டம். தன் கையால் கடலையை அரைத்தவர் தன் தட்டில் இருப்பதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் அங்கே ஏமாற ஆளில்லை.

மிஞ்சுவது பால் உற்பத்தியாளரின் பிழைப்பு. காக்களூர் ஆவின் பண்ணைக்குப் பால் ஊற்றும் குடும்பங்களை இந்தச் சீஸ் பாதிக்குமா? ஒரு கிலோ மொசரெல்லாவுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேண்டும் என்பதால் கேள்வி பொருளற்றதில்லை. ஆனால் அவர்கள் ஊற்றும் பால் பெரும்பாலும் காப்பிக்கும் தயிருக்கும் போகிறது, பீட்சாவுக்குப் போவது சொற்பம். தவிர, திருத்தணி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் வேர்க்கடலை விதைப்பவரும் மாடு வளர்ப்பவரும் பல வேளைகளில் ஒரே வீட்டுக்காரர். அவர் கடலை செக்குக்குப் போகிறது, எண்ணெய் எடுத்த புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மாடு தின்ற புரதத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் பாலில் திரும்பி வருகிறது. சுப்பிரமணியன் கணக்கில் வீணானது மற்ற முக்கால் பங்கு. அதில் ஒரு சிறு பகுதி சமையலறைக்கு நேரே போனால் கடலைக்கு நல்ல விலை கிடைக்குமே தவிர மாடு பட்டினி கிடக்காது. அறுவடை முடிந்ததும் கடலைக்கொடி எப்போதும்போல் தொழுவத்துக்குத்தான் வரும்.