ஸ்லாட்டும் சோலும்



மலர்க் குழுவினர் போன் செய்து, "உங்க பேட்ச் சார்பா ஒரு சரித்திரக் கட்டுரை வேணும்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். சரித்திரத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் யோசித்துப் பார்த்தால், அணைக்கட்டில் எங்கள் வீட்டு மூலையில் ஒரு சரித்திரம் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. என் பழைய கம்ப்யூட்டர்தான் அது. 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதன் கிராஃபிக்ஸ் கார்டு உயிரை விட்டது. அதை மாற்றப் போய் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் போனஸ்

2008. நான் இரண்டாம் ஆண்டு. அப்பா அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில் வேலை. தீபாவளி போனஸைப் பிரிக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தார். "படிப்புக்குத்தானே கேக்கற?" என்று ஒரே ஒரு கேள்வி. "ஆமாப்பா" என்றேன். அது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஹாஸ்டலில் என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும்! சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டு ஒரு கடையில், கேபினெட் ஒரு கடையில் என்று வாங்கி, பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து பூட்டிய மெஷின். பகலில் அதில் மேட்லாப் ஓடியது. இரவில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஓடியது. எது அதிகம் ஓடியது என்று இப்போது சொல்வதில் பயனில்லை.

படிப்பு முடிந்து நான் வேலைக்குப் போனபின் மெஷின் ஊருக்கு வந்தது. இப்போது அக்கா பையன் அதில் விளையாடுகிறான். பொங்கலுக்கு மறுநாள் அவன்தான் ஓடி வந்தான். "மாமா, ஸ்கிரீன் ஃபுல்லா கோடு கோடா வந்து செத்துப்போச்சு!"

ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரை இருட்டு. ஒரு நீளமான பீப், இரண்டு குட்டி பீப். அந்தக் காலத்துப் பல மதர்போர்டுகளில் அதற்கு ஒரே அர்த்தம்: படம் காட்டும் கார்டு பேசவில்லை. கார்டைக் கழற்றி, தூசி ஊதி, தங்க முலாம் பூசிய விளிம்பைப் பையனின் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். அதே மூன்று பீப். ராம், எஸ்.எம்.பி.எஸ். இரண்டையும் வேறு மெஷினில் மாட்டிச் சோதித்தேன். இரண்டும் நலம். கடைவீதியில் செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பியிடம் ஹாட் ஏர் கன் வாங்கி, சிப்பின் மேல் பதமாகச் சூடு காட்டினேன். திரை வந்தது! வீடே கைதட்டியது. அன்று சாயங்காலமே மறுபடி இருட்டு.

அப்பா திண்ணையிலிருந்து கேட்டார். "இன்னாடா ஆச்சு?"

"கார்டு போச்சுப்பா. பதினாறு வருஷம் ஆச்சு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சோல் போச்சுன்னா ஷூவைத் தூக்கிப் போடுவியா? அது வெல்ட் ஷூவா, பேஸ்டிங் ஷூவா, அதைப் பாரு மொதல்ல."

வெல்ட்டா, பேஸ்டிங்கா?

நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். வெல்ட் ஷூவில் மேல்பாகமான அப்பரையும் சோலையும் நேராக ஒட்டுவதில்லை. அப்பரைச் சுற்றி ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் அந்தத் தையலை மட்டும் பிரித்து வேறு சோல் போடலாம். அப்பருக்கு ஒரு கீறலும் விழாது. பேஸ்டிங் ஷூவில் சோலைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். விலை குறைவு, எடை குறைவு. ஆனால் சோல் போனால் பெரும்பாலும் ஷூவும் போன மாதிரிதான்.

அப்பா கேட்டதைக் கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், "இந்த மெஷினில் பட்டை இருக்கிறதா?" இருக்கிறது! அதன் பெயர் ஸ்லாட். அது வந்த கதைதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

1981-லிருந்து ஒரு நடை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் மதர்போர்டில் படம் காட்டும் சர்க்யூட்டே கிடையாது. ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன, வேண்டிய கார்டை வாங்கிச் சொருகிக்கொள்ள வேண்டும். வெறும் எழுத்து போதுமென்றால் ஒரு கார்டு, கலர் வேண்டுமென்றால் இன்னொன்று. ஸ்லாட்டின் விவரங்களை ஐபிஎம் புத்தகமாகவே போட்டு விற்றது. அதனால் யார் வேண்டுமானாலும் கார்டு செய்யலாம் என்றாயிற்று.

அதன் முதல் பலன்களில் ஒன்று நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். வான் சுவன்னுகுல் என்பவர் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் அடிக்க விரும்பினார். ஐபிஎம்மின் ஒரு கார்டில் ஆங்கில எழுத்துகள் நிரந்தரமாகப் பதிந்திருந்தன, இன்னொன்றில் புள்ளிகள் போதவில்லை. 1982-ல் அவரே ஒரு கார்டை வடிவமைத்தார். 720-க்கு 348 புள்ளிகள் கொண்ட ஹெர்குலிஸ் கார்டு அதுதான். சுழியும் கொம்பும் உள்ள எழுத்தை எழுதும் நமக்கு அவர் பட்ட பாடு புரியும்.

1987-ல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 வரிசையோடு விஜிஏ வந்தது. அதன் பதினைந்து பின் கொண்ட சாக்கெட்தான் என் வீட்டு மானிட்டரின் முதுகில் இன்றும் இருக்கிறது. 1992-ல் இன்டெலின் பிசிஐ ஸ்லாட். 1993-ல் வந்த டூம் விளையாட்டில் படம் வரையும் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில்தான். 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு அந்தச் சுமையில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் அதற்குச் சாதாரணப் படம் காட்டத் தெரியாது. அதற்கு இன்னொரு கார்டு வைத்து, இரண்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். 1999-ல் என்விடியா ஜிஃபோர்ஸ் 256-ஐ வெளியிட்டு "ஜிபியு" என்ற சொல்லை விளம்பரம் செய்தது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை அதே என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது.

ஸ்லாட் என்றாலே நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1997-ல் ஏஜிபி என்ற தனி ஸ்லாட் பழக்கத்துக்கு வந்தது. 2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டுகள் வந்ததும் ஏஜிபி கார்டை மாட்ட இடமில்லை. நம் சீனியர்கள் சிலர் அதில் சூடுபட்டவர்கள். ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸைத் தீர்மானித்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வேகத்தைப் பலமுறை இரட்டிப்பாக்கினாலும் ஸ்லாட்டின் வடிவத்தை மாற்றவில்லை. புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் பழைய வேகத்தில் ஓடும். என் 2008 மெஷின் பிழைத்தது அந்த முடிவால்தான்.

ஏன் செத்தது?

சிப்புக்கு அடியில் நூற்றுக்கணக்கான சிறு சால்டர் உருண்டைகள் உண்டு. சிப்பைத் தாங்குவது அவைதான், மின்சாரம் போவதும் அவற்றின் வழியேதான். சூடானால் எல்லாம் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். போர்டு சுமார் 15 பங்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் சூடேறி, அணைத்ததும் ஆறி, இரண்டும் இழுத்துக்கொண்டே இருக்க, நடுவில் மாட்டிய உருண்டை ஒரு நாள் வெடிப்பு விடுகிறது. சூடு காட்டினால் வெடிப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். என் ஒருநாள் வைத்தியத்தின் ரகசியம் அதுதான்.

பெரிய கம்பெனிகளே இந்த மாதிரிச் சூட்டில் அடிபட்டிருக்கின்றன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360 பழுதுகளுக்காக வாரண்டியை மூன்று ஆண்டாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2008 ஜூலையில் என்விடியா, சில லேப்டாப் சிப்புகளின் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது.

அந்தக் காலத்தில்தான் சால்டரும் மாறிக்கொண்டிருந்தது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் விற்கும் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை. நாம் லேபில் பழகிய 63-க்கு 37 வெள்ளீயம், காரீயக் கலவை 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத கலவைக்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். கம்பெனிகள் தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. "ஈயத்தை எடுத்ததால்தான் கார்டெல்லாம் சாகுது" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சூடு, சிப்புக்கு அடியில் நிரப்பும் பசை, வடிவமைப்பு எல்லாம் சேர்ந்த வினை அது.

ஈயத்தை எடுத்தது தப்பா என்று பாலாற்றங்கரையில் வளர்ந்த என்னைக் கேட்டால், தப்பில்லை என்பேன். தோல் தொழில் எங்களுக்குச் சோறு போட்டது. அதன் கழிவு எங்கள் நிலத்தைத் தின்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் பதனிடும் இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. பதினாறு வருஷ மெஷினைக் குப்பையில் போடுவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட்

அடுத்த சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு. மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் உண்டு. ஆகவே அனலாக் சிக்னலைக் கைவிட்ட புதுக் கார்டுகள் வேண்டாம். மெஷினின் பயாஸ் பழைய வகை, சில புதிய கார்டுகள் அதில் திரையே காட்டாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் வயதாகிவிட்டது. ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் முடிய வேண்டும்.

இத்தனைக்கும் பொருந்தியது 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, சுமார் 60 வாட். புதிது கிடைக்காது, செகண்ட் ஹேண்ட்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், சுரங்கம்போல் இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன என்பதால் எனக்குப் பயம். கடைக்காரர் சிரித்தார். "சார், இந்தச் சின்னக் கார்டை எவன் மைனிங்ல போடுவான்? உங்க எதிர்லயே ஓட்டிக் காட்டறேன்." அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். மூவாயிரத்துக்குள் முடிந்தது.

அணைக்கட்டில் அதைச் சொருகிய இரவு அக்கா பையன் மூச்சுப் பிடித்து நின்றான். ஒரே ஒரு குட்டி பீப். திரை வந்தது. நான் 2008-ல் வைத்த அதே வால்பேப்பர், நம் ஹாஸ்டல் மொட்டை மாடி. அப்பா எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "சோல் மாத்திட்ட" என்றார். பதினாறு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததை அன்று சொல்லிவிட்டேன். "அப்பா, இதை முழுக்கப் படிப்புக்காக வாங்கல." அவர் திரும்பாமலே, "எனக்குத் தெரியாதா?" என்றார்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மெஷின் வாங்கும்போது வேகத்தோடு இதையும் கேளுங்கள்: எது தையல், எது பசை? ராம், டிஸ்க், பேட்டரி எல்லாம் கழற்ற முடியுமா? சக முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் பரணில் ஓடக்கூடிய பழைய ராம், கார்டு, எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஓர் அலமாரி கேட்டு வைப்போம். என் பங்குக்கு அந்தச் செத்துப்போன கார்டைக் கொண்டு வருகிறேன். மாணவர்கள் அதைப் பிரித்து, உருண்டையில் விழுந்த வெடிப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கட்டும்.