ஆள் கணக்கும் வேலைக் கணக்கும்



"யாருக்கு என்ன வேலை, எப்போது முடிக்க வேண்டும் என்பதை இனி மென்பொருளே சொல்லும்." பல அலுவலகங்களில் இன்று கேட்கும் அறிவிப்பு இது. இது நம் சுமையைக் குறைக்குமா, அல்லது நம்மைக் கண்காணிக்க மட்டும்தானா என்று ஊழியர்கள் மனத்தில் கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு பதில் வைத்திருக்கிறது.

1896இல் போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெக்கி, தொழிற்சாலை வேலைகளை நேர வரிசைப்படி படமாக வரைந்து காட்டினார். 1910களில் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேண்ட் உருவாக்கிய பட்டை வரைபடம் உலகெங்கும் பரவியது. இயந்திரம் சும்மா நின்ற நேரத்தோடு, ஏன் நின்றது என்ற காரணமும் அவருடைய படங்களில் குறிக்கப்பட்டது. மூலப்பொருள் வரவில்லையா? ஆள் இல்லையா? பழுதா? இவற்றில் பெரும்பாலானவை தொழிலாளியின் குற்றமல்ல, நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே கேண்ட் சொன்ன பாடம்.

அடுத்து கணினி வந்தது. 1957இல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும், எந்த வேலை தாமதமானால் திட்டம் முழுவதும் தாமதமாகும் என்பதை 'யூனிவாக்' கணினியில் கணக்கிட்டார்கள். லூயிவில் ஆலையில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்திவைக்கும் நேரம் 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது. ஆனால் அந்தத் தொடக்கக் கணக்கு, வேண்டிய ஆட்கள் வேண்டிய நேரத்தில் கிடைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டது. இருக்கும் ஆட்களுக்கு ஏற்ப வேலையைப் பகிர்ந்தளிக்கும் கணக்கு பின்னரே சேர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1958இல் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற முறையை அறிமுகப்படுத்தியது. அதன் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் ஆய்வாளர் ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் வெளியிட்ட நூல் வேறொன்றைச் சொன்னது. வேலை செய்த பொறியாளர்களில் பலர் அதைப் பொருட்படுத்தவே இல்லையாம். வெளியார் தலையீட்டைத் தடுக்கும் கேடயமாகத்தான் அது பெரிதும் உதவியதாம்!

நம் சிங்கப்பூருக்கு வருவோம். நம் முன்னோர் பலர் மூட்டை சுமந்த துறைமுகம் இது. 1972 ஜூன் 23ஆம் தேதி, தஞ்சோங் பகார் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பலான 'நிஹோன்' வந்தது. கப்பல்கள் பெருகப் பெருக, எந்தக் கப்பலுக்கு எந்தத் தளம், எத்தனை பாரந்தூக்கி, எத்தனை ஆள் என்று கையால் திட்டமிட்டு மாளவில்லை. 1984இல் 'போர்ட்நெட்' வந்தது. கப்பல் நிறுவனங்கள் தங்கள் தேவையை முன்கூட்டியே கணினி வழியாகத் தெரிவிக்கத் தொடங்கின. 1988இல் வந்த 'சிட்டோஸ்', அந்தத் தேவைக்கேற்பத் தளத்தையும் பாரந்தூக்கிகளையும் ஆட்களையும் ஒதுக்கித் தந்தது. வரப்போகும் வேலையும் கையிலிருக்கும் ஆட்களும் ஒரே இடத்தில் தெரிந்ததே இதன் பலம். 2024இல் இந்தத் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், 20 அடி அளவில் கணக்கிட்டால், 4 கோடியைத் தாண்டின.

துறைமுகத்தில் ஒரு தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களைக் கட்ட முடியாது. அதனால் அங்கே கணக்கை மறைக்க வழியில்லை. அலுவலகத்திலோ ஒரே ஊழியர் தலையில் மூன்று திட்டங்களை ஏற்றிவிடலாம், வெளியே தெரியாது. அவர் இரவிலும் வார இறுதியிலும் உழைத்து ஈடுகட்டுவார். அந்த நேரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. திட்டம் சரியாக நடப்பதாகவே திரை காட்டும்.

எனவே மென்பொருள் வாங்கும் நிர்வாகிகள் இரண்டு விஷயங்களை முதலில் முடிவுசெய்ய வேண்டும். மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லும் அவசர வேலையும் பட்டியலில் ஏறுமா? வேலை, ஆட்களின் சக்தியைத் தாண்டும்போது, "இது அடுத்த மாதம்தான்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

இவற்றுக்குப் பதில் இருந்தால் மென்பொருள் ஊழியருக்குத் துணைநிற்கும். இல்லையென்றால், பொலாரிஸ் கதைதான் மீண்டும் நடக்கும். உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை இந்தப் பேச்சு எழும்போது, தயங்காமல் இவ்விரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.