தில்லியும் புதுவையும் கூடி ஆய்ந்த கண்ணோய்

தலைநகராம் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருள், ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் குதுப்மினாருக்கு அழைத்துச் செல்லுமுன் அன்சாரி நகருக்கு அழைத்துச் சென்றவர் பலர். அங்கே, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் அங்கமாக, டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் விளங்குகின்றது. சீட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றோர், அம்மையத்தார் ஊர் ஊராகச் சென்று ஆற்றிய ஆராய்ச்சியை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நம் முதற் குடியரசுத் தலைவரின் பெயர் தாங்கிய இம்மையம் 1967-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் தோன்றியது. அதனை உருவாக்கி, முதல் தலைவராய் இருந்து வளர்த்தவர் டாக்டர் எல். பி. அகர்வால். அந்நாளில் கண்புரையும் டிரக்கோமாவுமே மருத்துவர்தம் பெருங் கவலை. 1976-இல் மத்திய அரசு தேசியக் குருட்டுத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் மதுரையில், மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வு பெற்ற பின்னர், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக எழுந்த இவ்விரு நிலையங்களும் பின்னாளில் ஒரே ஆய்வில் கை கோத்தன.

அவ்வாய்வைக் கூறுமுன் நீரிழிவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் கண்ணால் காண 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவி அமைத்தார். 1922-இல் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை இளமையிலேயே மாண்டு வந்த நீரிழிவுக்காரர் பல்லாண்டு வாழலாயினர். வாழ வாழ, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுற்றுக் கசிவதும் மிகுதியாய் வெளிப்பட்டது. உயிரைக் காத்த மருந்தே மருத்துவர்க்குப் புதியதொரு வேலையையும் தந்தது. இந்நோயில் வலி இல்லை. தொடக்கத்தில் பார்வையும் மங்குவதில்லை. அதுவே இதன் கொடுமை.

இனி ஆய்வுக்கு வருவோம். இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், தில்லி மையத்தாரும் புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனையாரும், லண்டன் பொதுச் சுகாதாரக் கல்லூரியின் பேராசிரியை ஆஸ்ட்ரிட் பிளெட்சருடன் சேர்ந்து, 60 வயது நிரம்பியோரின் கண்களைச் சோதித்தனர். வடக்கே ஹரியானாவின் குர்காவ். தெற்கே புதுச்சேரிப் பகுதி. தில்லியின் சார்பில் டாக்டர் ஜி. வி. எஸ். மூர்த்தியும், புதுவையின் சார்பில் டாக்டர் ஆர். டி. ரவீந்திரனும் முன்னின்றனர். கண்ணைச் சோதித்ததோடு நில்லாமல் இரத்தமும் எடுத்து வைட்டமின் சி-யின் அளவைக் கண்டனர். வடக்கே 2,668 பேர், தெற்கே 2,970 பேர். ஆக 5,638 பேர்.

2011-இல் வெளியான முடிவு வியப்பளிப்பது. வைட்டமின் சி குறைபாடு வடக்கே நூற்றுக்கு 74 பேரிடமும், தெற்கே 46 பேரிடமும் இருந்தது. இவ்வேற்றுமையைக் கண்டு நெல்லிக்காயும் எலுமிச்சையும் நம்முடையவை என்று நாம் மார் தட்டலாகாது. தெற்கிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்நிலையிலேயே இருந்தனர். புகையிலைப் பழக்கமுடையோரிடமும், விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் இல்லங்களிலும் குறைபாடு மிகுந்திருந்தது. இரத்தத்தில் இவ்வைட்டமின் மிகுந்தோர்க்குக் கண்புரை குறைவாகவே இருந்ததென்பதும் தெரிந்தது. இரண்டிற்கும் தொடர்புண்டு என்றே ஆய்வாளர் கூறினர். பழம் உண்டால் புரை வராது என்று அவர்கள் கூறவில்லை. இந்த அடக்கம் போற்றற்குரியது.

பார்வையின் நடுப்புள்ளியை அழிக்கும் முதுமை விழித்திரை நோயையும் இக்குழுவினர் அளந்தனர். முற்றிய நிலை நூற்றுக்கு ஒருவரிடம், சற்றே மிகுதியாக, காணப்பட்டது. இப்பகுதியில் பங்கு கொண்டவர், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியையாய் விளங்கிய உஷா சக்ரவர்த்தி. நீரிழிவு, முதுமை ஆகிய இரண்டாலும் வரும் விழித்திரை நோய்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் தலைமையில் பிரிட்டனில் 610 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி, விலையுயர்ந்த ரானிபிசுமாப் ஊசியையும், புற்றுநோய்க்கென வந்த மலிவான பெவாசிசுமாப் ஊசியையும் ஒப்பிட்டது. இரண்டாண்டு முடிவு 2013-இல் வெளிவந்தது: பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய நிகரே. ஊசிக்குப் பணம் புரட்ட இயலாத குடும்பங்களுக்கு இச்செய்தியின் அருமை விளங்கும்.

2015 முதல் 2019 வரை அன்சாரி நகர் மையத்தார் நாட்டின் 21 மாவட்டங்களில் மற்றோர் ஆய்வு நிகழ்த்தினர். 50 வயது கடந்த நீரிழிவுக்காரர் நூற்றுவரில் ஏறத்தாழ 17 பேருக்கு விழித்திரை பழுதுற்றிருந்தது. நீரிழிவு தமக்கு உண்டென அறிந்திருந்தும், அதன் பொருட்டு விழித்திரையை ஒருமுறையேனும் சோதித்துக் கொள்ளாதவர் பத்தில் ஒன்பது பேர்.