மகாயுத்தமும் எமது கரையோரக் கிராமங்களும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிப் பாதையால் எமது குச்சவெளிக்கு வருவோர் வழியிலே ஒரு மயானத்தைக் காண்பர். ஒரே அளவான நடுகற்கள் வரிசை வரிசையாக அங்கே நிற்கின்றன. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே உயிர்நீத்த பிறநாட்டு வீரர்கள் அங்கே துயில்கின்றனர். அவ்வழியால் நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். ஆயினும், அந்த யுத்தம் எம் பாட்டன் பாட்டிமாரின் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்று ஒரு சிறுவன் கேட்டால், எம்மிற் பலர் வாய்திறக்க மாட்டோம். அக்கேள்விக்கு எம்மால் இயன்ற விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசையாத நம்பிக்கை அசைந்தது

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை தந்த பெருஞ்செல்வம். அதன் பொருட்டே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராக வந்தனர். இரு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே ஆங்கிலேயர் சீனன்குடாப் பகுதியில் சுமார் நூறு எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினர். அத்தகைய வல்லரசின் கடற்படையை யாராலும் வெல்ல முடியாதென்று நகரத்தாரும் கிராமத்தாரும் ஒருங்கே நம்பியிருந்தனர்.

அந்நம்பிக்கை சில வாரங்களில் ஆட்டங்கண்டது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. மார்ச் மாதத்தில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் வீழ்ந்தன. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை, திருகோணமலையின் முறை வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்னும் கப்பலும் எரிந்து அழிந்தது.

தாக்குதல் வருமென அறிந்து, முன்னைய இரவே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலைப் பாதுகாப்புக்காகத் தென்திசைக் கடலுக்கு அனுப்பியிருந்தனர். ஆனால் அது மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பலோடு மட்டும் 300 பேருக்கு மேல் மாண்டனர். அதற்குத் துணையாகச் சென்ற அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயர்' என்பதும் அன்றே கடலுக்கு இரையாயிற்று. பிரித்தானியப் பெருங்கப்பல்களின் ஒரு பகுதி கிழக்கு ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. காவலாளியே ஊரைவிட்டு ஒதுங்கினால் ஊரார் என்ன நினைப்பர்? வெள்ளையராட்சி என்றும் நிலைக்கும் என்ற எண்ணம் மக்கள் மனத்திலே தளர்ந்ததற்கு இத்தகைய நாட்களும் ஒரு காரணம் என்பது எமது துணிபு. ஆறு ஆண்டுகளுக்குள், 1948 பெப்ரவரி 4 இல், இலங்கை சுதந்திரம் பெற்றது.

அடுப்படிக்கு வந்த யுத்தம்

குண்டுகள் விழுந்தது ஒரு காலைப்பொழுதில். அரிசித் தட்டுப்பாடோ ஆண்டுக்கணக்காக நீடித்தது. யுத்தத்திற்கு முன் இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வந்தது; அதிலும் பெரும்பங்கு பர்மா அரிசி. இரங்கூன் வீழ்ந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. கடலுக்கு அப்பால் ஒரு நகரம் வீழ்ந்தால் எமது வீட்டு உலைப்பானை குறைவாகக் கொதிக்கும் என்பதை மக்கள் அன்றுதான் உணர்ந்தனர்.

அரசினர் அரிசிக்குப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தனர். 'கூப்பன்' என்னும் சொல் வீட்டுச் சொல்லாயிற்று. விளைந்த நெல்லில் ஒரு பகுதியை நிர்ணயித்த விலைக்கு அரசாங்கத்துக்கு விற்கவேண்டுமென்ற விதி கமக்காரனைத் தேடி வந்தது. பங்கீட்டை நடத்துவதற்காக நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 'சங்கக்கடை' பிறந்த கதை இதுவே. அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மாவும் பாணும் வந்தன. குரக்கனும் மரவள்ளிக்கிழங்கும் மீண்டும் மதிப்புப் பெற்றன. யுத்தம் முடிந்தும் பாண் எம்மை விட்டுப் போகவில்லை. இன்று காலையில் நாம் பாண் வாங்கும்போது, அது ஒரு யுத்தத்தின் எச்சம் என்று எண்ணுகின்றோமா?

கூப்பனைக் குறைகூறியோர் பலர். ஆனால் அதே பர்மா அரிசி நின்றுபோன வங்காளத்தைப் பாருங்கள். அங்கே 1943 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மடிந்தனர் என ஆய்வாளர் கணிக்கின்றனர். பர்மா யுத்தம் மட்டுமே அதற்குக் காரணமன்று. விலையேற்றமும் ஆட்சியாளரின் அசட்டையும் சேர்ந்து கொன்றன. இருப்பதைப் பகிர்ந்துண்ணும் ஒழுங்கு இருந்தமையாலேயே எம் நாடு அத்தகைய பேரழிவுக்குத் தப்பியது. கிடங்கு நிறைந்திருப்பது மட்டும் போதாது, பங்கீடு நேராக இருக்கவேண்டும் என்பதே அக்காலம் புகட்டிய பாடம்.

அழிவும் ஆக்கமும்

யுத்தம் கொண்டுவந்ததெல்லாம் தீமை என்று நாம் கூறமாட்டோம். படையினரை நோயிலிருந்து காக்கப் பயன்பட்ட டி.டி.ரி. மருந்து, யுத்தம் ஓய்ந்ததும் மலேரியாவை ஒழிக்க எம் கிராமங்களுக்கு வந்தது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த நாட்டின் மரண வீதம் 1947 இல் 14 அளவுக்கு இறங்கியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், காட்டையும் காய்ச்சலையும் அருகருகே வைத்து வாழ்ந்த எம்போன்ற ஊர்களுக்கு அம்மருந்து பெரும் பேறாயிற்று.

கடற்படைத்தளம் பலருக்குத் தொழிலும் கொடுத்தது. ஆனால் பிறர் யுத்தத்தை நம்பிய பிழைப்பு பிறர் விருப்பத்தோடு முடிவதாகும். 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்துக்கு அது வெற்றி. தளத்தை நம்பியிருந்த தொழிலாளிக்கோ அது கவலை. வரலாறு இவ்விரண்டையும் சேர்த்தே எழுதப்படவேண்டும்.

நிலைத்த நம்பிக்கை

கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டிலே இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். மகாயுத்த காலத்திலும் அது படையினரின் கோட்டையே. எனினும் சுவாமிமலையை நோக்கிக் கும்பிட்ட கைகள் ஓயவில்லை. யுத்தம் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின், 1950 இல், கிணறு வெட்டிய இடத்திலே தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963 இல் புதிய ஆலயம் கும்பாபிஷேகம் கண்டது. வல்லரசு அழியாதென்ற நம்பிக்கை சில வாரங்களிலே சரிந்தது. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த நம்பிக்கையோ மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது.

எழுதப்படாத ஏடு

மயானத்து வீரருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. சயாம்–பர்மா ரெயில் பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழருட் பெரும்பாலோருக்கு அது இல்லை. கூப்பனோடு வரிசையில் நின்ற எம்மூர்த் தாய்மாருக்கும் இல்லை. அவர்களுடைய கதை முதியோர் வாயில் மட்டுமே இருந்தது. பின்னர் வந்த உள்நாட்டு யுத்தமும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் எம் கரையிலே மனிதரையும் வீடுகளையும் கொண்டுபோயின. பெட்டியிலிருந்த பழைய காகிதங்களும் அவற்றோடு போயின. 1942 இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்.

ஆகையால், இளைஞர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் அப்பாச்சியிடமும் அம்மப்பாவிடமும் இன்றே போய்க் கேளுங்கள். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையை எம் கரையிலிருந்து கண்டவர் உண்டா? அவ்வருடப் புத்தாண்டுக்கு எந்த வீட்டில் பொங்கினார்கள்? கூப்பன் அரிசி எத்தனை நாளுக்குக் கண்டது? தாம் காணாவிடினும் தம் தாய் தந்தையர் சொல்லக் கேட்டிருப்பர். கேட்டதை ஒரு கொப்பியிலே சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். பெரியோரே, 'இதெல்லாம் ஒரு கதையா' என்று தள்ளாமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே எமது கட்டுரைக்குப் பதிலாக அந்தக் கொப்பியே அச்சேறுமாயின், அதனினும் பெரிய மகிழ்ச்சி எமக்கில்லை.