பதினோரு பலகையும் ஒரு பேட்டன்ட்டும்

அமெரிக்க சினிமாக்களில் பார்த்திருப்பீங்க. ஏரிக்கரை, புல்வெளி, அதில் ரெண்டு மர நாற்காலி. முதுகு நல்லா பின்னால சாய்ஞ்சு, கை வைக்கிற பலகை மட்டும் டீ டம்ளரும் புத்தகமும் வைக்கிற அளவுக்கு அகலமா இருக்கும். அடிரான்டாக் சேர்னு பேர். கனடாவில் மஸ்கோகா சேர் என்கிறார்கள். போன வருஷம் மொட்டை மாடியில போட இதே மாதிரி ஒண்ணு செய்யலாம்னு ஆரம்பிச்சேன். கையில் இருந்தது ஒரு கைரம்பம், ஒரு டிரில், ஸ்க்ரூ டிரைவர், மூலைமட்டம், டேப். தச்சு அனுபவம்: பூஜ்யம்.

"ஆசாரியைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சிருப்பார்" என்றார் அப்பா. அது உண்மைதான். ஆனா நானே செய்யணும்னு ஒரு வீம்பு. இதை முதல்ல செஞ்ச ஆள் யாருன்னு தேடிப் பார்த்தா, அவரும் தச்சர் இல்லை!

கதை 1903-ல் தொடங்குகிறது. நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைக்காதீங்க; இது அந்த மாநிலத்தின் வடக்குக் கோடி. அடிரான்டாக் மலைகளுக்குக் கிழக்கே, ஷாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் வெஸ்ட்போர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தாமஸ் லீ என்பவருக்கு ஒரு கோடை வீடு இருந்தது. பெரிய குடும்பம், வெளியே உட்கார வசதியான நாற்காலி இல்லை. பலகைகளை அறுத்து, ஆணியடித்து, வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கருத்துக் கேட்டாராம். முதுகு வலிக்குதுன்னா சாய்வை மாத்தறது, மறுபடி உட்கார வைக்கிறது. எங்க ஆபீஸ்ல இதுக்கு யூசர் டெஸ்டிங்னு ஒரு டீமே இருக்கு :-)

கடைசியில் தேறியது பதினோரு துண்டு. எல்லாமே ஒரே பலகையிலிருந்து அறுத்தது என்று சொல்வார்கள்.

இந்த நாற்காலியின் சூட்சுமத்தைச் செய்து பார்த்தபோதுதான் புரிஞ்சுக்கிட்டேன். சாதாரண நாற்காலி செய்யணும்னா ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொன்றின் முனையைச் செதுக்கிச் சொருகணும். அதுக்கு உளி பழகின கை வேணும். இதில் அது எதுவும் கிடையாது. பலகை மேல் பலகையை வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் போதும். பின்னங்காலும் உட்காரும் இடத்தைத் தாங்கும் பக்கச் சட்டமும் ஒரே துண்டு. முன்னால் உயரமாக ஆரம்பித்து, சரிந்து வந்து பின்னால் தரையைத் தொடும். மெத்தை இல்லாத வெறும் மரத்தில் ஒருத்தர் மணிக்கணக்கா உட்கார முடியுதுன்னா, அது இந்தச் சரிவால்தான். அளந்து பிடிக்க வேண்டியது ஒன்றிரண்டு கோணம்தான், மற்றதெல்லாம் நேர் வெட்டு. (அந்த ஒன்றிரண்டையும் நான் தப்பா வெட்டினது தனிக்கதை.)

இனிமேதான் மேட்டர். லீக்கு ஹாரி பன்னல் என்று ஒரு நண்பர், உள்ளூர்த் தச்சர். கோடைக்கு வருபவர்கள் கிளம்பிவிட்டால் அந்த ஊரில் குளிர்காலத்தில் வேலை இருக்காது. 'இந்த நாற்காலியைச் செஞ்சு வித்துப் பிழைச்சுக்கோ' என்று லீ தன் வடிவத்தைக் கொடுத்தார். பன்னல் அதில் சில மாற்றங்கள் செய்து, 1904-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். 1905 ஜூலையில் கிடைத்தது, தன் பெயரில் மட்டும்! லீயிடம் சொல்லவே இல்லை என்பதுதான் ஊரில் வழங்கும் கதை.

அதன்பின் இருபது வருஷம் போல பன்னல் இதைச் செய்து விற்றார். ஹெம்லாக், பாஸ்வுட் மரங்கள். பச்சை அல்லது பழுப்பு வண்ணம். விலை நாலு டாலர் அளவில். நோயாளிகளுக்கான நாற்காலியாக மாற்றிக்கொள்ளும் வசதியும் பேட்டன்ட்டில் சொல்லப்பட்டிருக்கிறது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். அதே மலைப்பகுதியில் சாரனாக் லேக் என்ற ஊரில் டாக்டர் ட்ரூடோ 1880களில் தொடங்கிய காசநோய் விடுதி இருந்தது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம், நோயாளிகளை வராந்தாவில் குளிர்காற்றில் நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதுதான் வைத்தியம்.

பன்னல் செஞ்சது துரோகமா? முதல்ல படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. ஓப்பன் சோர்ஸா கொடுத்த கோடை ஒருத்தன் தன் பேரைப் போட்டு லைசென்ஸ் வாங்கின மாதிரி. ஆனா அந்தப் பக்கமும் பார்க்கணும். லீக்கு அது கோடை விடுமுறைப் பொழுதுபோக்கு. பன்னலுக்கு அது குளிர்காலச் சாப்பாடு. மாற்றம் செஞ்சதும், வருஷக்கணக்கா ரம்பம் பிடிச்சதும் அவர்தான். லீ இதுக்காகச் சண்டை போட்டதாத் தெரியலை. எனக்கு உறுத்தறது ஒண்ணுதான்: நண்பன் பேரையும் ஒரு வரி சேர்த்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

பேட்டன்ட் பதினேழு வருஷத்துக்குத்தான். 1922-ல் முடிஞ்சுது. அதுக்கப்புறம் யார் வேணா செய்யலாம். செஞ்சாங்க, மாத்தினாங்க. அகலமான, முடிச்சில்லாத பலகை சுலபமாகக் கிடைக்காமல் போக, முதுகுக்கு ஒடுக்கமான ரீப்பர்களை வரிசையாக அடித்தார்கள். 1938-ல் இர்விங் வோல்பின் என்ற நியூஜெர்சிக்காரர் வாங்கிய பேட்டன்ட் இந்த மாதிரி வடிவத்துக்குத்தான். இன்னிக்கு நாம் அடிரான்டாக் என்று பார்ப்பது பெரும்பாலும் இந்த ரீப்பர் ஜாதி. பன்னலின் அகலப் பலகை நாற்காலிக்கு வெஸ்ட்போர்ட் சேர் என்றே பேர் நின்னுட்டுது.

நான் என்ன செஞ்சேன்? 'ஒரிஜினல்' மோகத்தில் மரவாடிக்குப் போய் பதினாலு அங்குல அகலத்தில் வேப்பம்பலகை வாங்கி, முதுகுக்கு அப்படியே வைத்து ரெண்டு ஓரத்திலும் ஸ்க்ரூ முடுக்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஊறி உப்பியது. தை வெயிலில் காய்ந்து சுருங்கப் பார்த்தது. ஸ்க்ரூ விடவில்லை. ஒருநாள் காலைல போய்ப் பார்த்தா மேலிருந்து கீழ் வரை விரிசல். மரம் நீளவாக்கில் அவ்வளவா நகராது, அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். அகலம் கூடக்கூட அசைவும் கூடும். ரீப்பர்னா ஒவ்வொண்ணும் கொஞ்சமாத்தான் அசையும், நடுவில் விட்ட இடைவெளியில் மழைத்தண்ணியும் வழிஞ்சிடும். கிடைச்ச துண்டு மரத்தில் யாரோ சமாளிச்ச வேலை, மழைக்கும் வெயிலுக்கும் ஒரிஜினலை விட நல்லாவே தாங்குது!

விரிசல் விட்ட பலகையை அப்பா செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் தட்டா போட்டுட்டார். முதுகுக்கு ஏழு ரீப்பர் அறுத்து வெச்சிருக்கேன், சனிக்கிழமை முடுக்கணும்.